மாடியில் எதை வைப்பது? அணுகுண்டுச் சோதனைப் பொழிவைக் கண்காணிக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

“கல்லூரியில் கதிரியக்கக் கண்காணிப்புக்கு ஏதாவது தொடங்கலாம் என்று நிர்வாகம் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டது. ஆனால் ஒன்றுக்குத்தான் பணம். கைகர் கருவியை மாடியில் பொருத்தலாம் என்கிறார் ஒருவர். காற்றை உறிஞ்சி வடிகட்டலாம் என்கிறார் இன்னொருவர். மழைநீரைப் பிடித்தாலே போதும் என்கிறார் வேதியியல் துறைக்காரர். யார் பேச்சைக் கேட்பது?” என்று ஓர் இயற்பியல் ஆசிரியர் எழுதியிருந்தார். இதே குழப்பத்தோடு இன்னும் இரண்டு மூன்று பேர் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

மாதிரிகளின் கதிரியக்கத்தை எண்ணும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி நல்ல மழை. மாடியில் இருந்த, கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கைகர் கருவியின் எண் ஒன்றரை மடங்குக்கு ஏறிவிட்டது. பதறிப்போய் மேலதிகாரியைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மழை நின்று ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாரு, குறையலேன்னா மறுபடி கூப்பிடு” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். குறைந்துவிட்டது. காற்றிலிருக்கும் ரேடான் வாயுவிலிருந்து பிறக்கும் ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டையும் மழை கழுவித் தரையில் கொட்டியிருந்தது. அவற்றின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) முறையே 27, 20 நிமிடங்கள். உலகில் எந்தக் குண்டும் வெடிக்காத நாளிலும் மழை வந்தால் இது நடக்கும். கருவி பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை, அவ்வளவுதான்.

## எதை வைத்து எடை போடுவது

கண்காணிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எங்காவது சோதனை நடந்ததா? நம் இடத்தில் எவ்வளவு விழுந்தது? விழுந்ததில் எவ்வளவு உடம்புக்குள் போனது? மூன்றுக்கும் ஒரே கருவி பதில் தராது. விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இவற்றில் உங்களுடைய கேள்வி எது என்று தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பொழிவு, அதாவது குண்டு வெடித்தபின் வானிலிருந்து இறங்கும் கதிரியக்கத் தூசு, எந்த வழியாக வந்து சேர்கிறது என்பது. தரையை ஒட்டி வெடித்த குண்டு கிளப்பும் கனமான துகள்கள் ஒரு நாளுக்குள் அருகிலேயே இறங்கிவிடும். கீழ்வளிமண்டலத்தில் சிக்கியது சில வாரங்கள் ஏறக்குறைய அதே அட்சரேகைப் பட்டையில் சுற்றி, பெரும்பாலும் மழையோடு இறங்கும். மெகாடன் அளவுக் குண்டுகள் அடுக்கு மண்டலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி மெல்ல மெல்ல வடியும். நிலத்தடிச் சோதனையில் துகள் எதுவும் வெளியே வராமல் போகலாம். கசிந்தால் செனான் போன்ற மந்த வாயுக்கள்தான் கசியும். 1945 முதல் 1980 வரை வளிமண்டலத்தில் 500க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. கடைசியாக நடந்தது 1980 அக்டோபர் 16 அன்று சீனாவின் லோப் நூரில். அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் மண்ணுக்கு அடியில். இந்த ஒரு மாற்றமே பல கருவிகளின் மதிப்பை மாற்றிவிட்டது.

மூன்றாவது, நேரம். அயோடின்-131க்கு அரை ஆயுள் 8 நாள், பேரியம்-140க்கு ஏறக்குறைய 13 நாள், சீசியம்-137க்கு 30 ஆண்டு, ஸ்ட்ரான்சியம்-90க்கு 29 ஆண்டு. மாதத்துக்கு ஒருமுறை மாதிரி எடுக்கிறவருக்கு அயோடின் கைக்கு எட்டாது. சீசியத்துக்கு அந்த வேகமே போதும்.

நான்காவது, இயற்கையாக இருப்பதிலிருந்து குண்டிலிருந்து வந்ததைப் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்பது. ஐந்தாவதை யாரும் எழுதி வைப்பதில்லை: விடுமுறை நாளிலும் இந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கிறாரா? என் அனுபவத்தில் கண்காணிப்பு நிலையங்கள் கருவி கெட்டுப்போய் மூடப்படுவதைவிட, ஆள் இல்லாமல் மூடப்படுவதுதான் அதிகம்.

## கைகர் கருவி

வாங்கிய அன்றே வேலை செய்யும். கணினியில் இணைத்துவிட்டால் நிமிடத்துக்கு ஒரு எண் வந்துகொண்டே இருக்கும். பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. நிறைய பேர் முதலில் இதன் பக்கம் சாய்வது இயல்புதான்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உலகளாவிய பொழிவினால் மனிதருக்குக் கிடைத்த சராசரிக் கதிர்வீச்சு உச்சத்தைத் தொட்டது 1963இல். ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு அதை ஆண்டுக்கு ஏறக்குறைய 0.11 மில்லிசீவர்ட் (சீவர்ட் என்பது உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) என்று மதிப்பிட்டிருக்கிறது. அதை ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 0.013 மைக்ரோசீவர்ட். அதிலும் ஒரு பகுதி உணவு வழியாக உள்ளே போனது, வெளியிலிருக்கும் கருவிக்குத் தெரியவே தெரியாது. இயற்கைப் பின்னணியோ சாதாரணமாக மணிக்கு 0.1 மைக்ரோசீவர்ட் அளவில் ஏறியும் இறங்கியும் இருக்கும். அதாவது, வரலாற்றிலேயே மோசமான அந்த ஆண்டின் சராசரிப் பொழிவைக்கூட ஒரு சாதாரண மழையின் ரேடான் ஏற்றம் மறைத்துவிடும்.

அப்படியென்றால் இது வீணா? இல்லை. 1953 ஏப்ரல் 25 அன்று நெவாடாவில் ‘சைமன்’ என்ற குண்டு வெடித்தது. மறுநாள் இரவு நாட்டின் மறுகோடியில், நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் இடியும் ஆலங்கட்டியுமாக மழை கொட்டியது. அங்கிருந்த ரென்சலர் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்களின் கைகர் கருவிகள் வழக்கத்துக்கு மாறாகத் துடித்தன. பேராசிரியர் ஹெர்பர்ட் கிளார்க் அதைக் கவனித்ததால்தான் அந்த ஊருக்கே விஷயம் தெரிந்தது. கனமாக விழுந்தால் கைகர் கருவி கத்தும். கத்தல் ரேடானால் என்றால் சில மணி நேரத்தில் அடங்கும். குண்டில் அணுக்கள் பிளந்து உண்டான புதிய பிளவுப் பொருள்களால் என்றால் அவ்வளவு சீக்கிரம் அடங்காது: வெடித்து எத்தனை மணி நேரம் ஆனதோ அதன் ஏழு மடங்கு நேரம் போனால்தான் பத்தில் ஒன்றாகக் குறையும். தெருமுனையில் கட்டிய மணி மாதிரி இது. அடித்தால் என்னவென்று போய்ப் பார்க்கலாம். அடிக்கவில்லை என்பதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

மறைமுகச் செலவு ஒன்றுதான், ஆனால் பெரியது: ஒவ்வொரு மழைக்கும் யாராவது பயந்து கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அளவுகளை இணையத்தில் வெளியிடப் போகிறீர்கள் என்றால் பக்கத்திலேயே ஒரு மழைமானியும் வைத்து இரண்டு எண்களையும் சேர்த்தே காட்டுங்கள்.

## ஒட்டும் தாள்: இன்று வேண்டாம், ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்

1951 வாக்கில் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் நியூயார்க் ஆய்வகத்தில் மெரில் ஐசன்பட் குழுவினர் தொடங்கிய முறை இது. ஓர் அடிக்கு ஓர் அடி பசைத்தாளை ஒரு சட்டத்தில் விரித்து 24 மணி நேரம் திறந்த வெளியில் வைப்பார்கள். மறுநாள் மடித்து உறையில் போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். ஆய்வகத்தில் எரித்துச் சாம்பலாக்கி மொத்த பீட்டாக் கதிர்வீச்சை எண்ணுவார்கள். வானிலை நிலைய ஊழியர்களே செய்துவிடக்கூடிய வேலை. உலகம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நடந்தது.

குறை என்னவென்றால், பலத்த மழை விழுந்ததைக் கழுவிக்கொண்டு போய்விடும், எந்த ஐசோடோப்பு (அயோடின்-131, சீசியம்-137 என்பது போன்ற அணு வகை) என்பதும் தெரியாது. இருந்தும் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், நெவாடா சோதனைகளின் அயோடின்-131 ஒவ்வொரு மாவட்டத்திலும் எவ்வளவு விழுந்தது என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கணக்கிட்டபோது கைகொடுத்தது இந்தப் பசைத்தாள் பதிவேடுதான். பல இடங்களில், விடாமல், ஒரே முறையில் செய்தது அதற்கு அவ்வளவு மதிப்பைக் கொடுத்தது.

## மழைநீர், படிவுத் தட்டு

என் மனம் சாயும் பக்கம் இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் இதன் குறைகளைக் கொஞ்சம் கடுமையாகவே பார்ப்போம்.

பரப்பளவு தெரிந்த ஒரு தட்டு அல்லது புனல். மாதம் முழுக்க விழும் மழையும் தூசும் அதில் சேரும். மாதக் கடைசியில் நீரைச் சுண்டவைத்தோ, அயனிப் பரிமாற்றப் பிசின் நிரப்பிய குழாய் வழியாக வடியவிட்டோ, கதிரியக்கப் பொருள்களைச் சிறிய அளவுக்குள் கொண்டுவந்து காமா நிறமாலைமானியில் (காமாக் கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்து, எந்த ஐசோடோப்பு என்று காட்டும் கருவி) வைத்து எண்ணலாம். சதுர மீட்டருக்கு இத்தனை பெக்கரல் (நொடிக்கு ஓர் அணுச் சிதைவு என்றால் ஒரு பெக்கரல்) என்று நேரடியாக விடை கிடைக்கும். “எவ்வளவு விழுந்தது” என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, மோட்டார் இல்லை.

மழை எவ்வளவு நல்ல வசூல்காரர் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1945 ஜூலையில் நியூ மெக்சிகோவில் முதல் குண்டு வெடித்த பிறகு, கோடாக் நிறுவனத்தின் எக்ஸ்ரே ஃபிலிம்களில் காரணம் தெரியாத புள்ளிகள் வந்தன. ஃபிலிமைப் பொதிந்த அட்டை இந்தியானா மாநிலத்தில் ஆற்றுநீரை வைத்துச் செய்யப்பட்டது; பொழிவு மழையோடு ஆற்றில் கலந்து அட்டைக்குள் போயிருந்தது. ரகசியமாக வெடித்த குண்டை ஒரு ஃபிலிம் கம்பெனியின் இயற்பியலாளர் ஜூலியன் வெப் அட்டைத்தாளை வைத்துக் கண்டுபிடித்தார்! 1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் யூனியன் தன் முதல் குண்டை வெடித்ததற்கும், அலாஸ்காவின் கோடியாக்கில் பிடித்த மழைநீர் ஒரு சாட்சி.

நீண்ட காலம் விடாமல் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஜப்பானின் வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தைப் பாருங்கள். 1957 முதல் மாதாமாதம் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 படிவை அளந்துவருகிறார்கள். அந்த ஒரே வரைபடத்தில் 1963இன் உச்சம் தெரியும், அந்த ஆண்டு கையெழுத்தான பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பிறகான இறக்கம் தெரியும், சீனச் சோதனைகள் தெரியும், 1986இல் செர்னோபில், 2011இல் ஃபுகுஷிமா எல்லாம் தெரியும்.

சரி, குறைகள். சோதனை நடந்ததா என்று உடனே தெரியாது. மாதம் முடிந்து, சுண்டவைத்து, எண்ணி முடிப்பதற்குள் அயோடின் பாதிக்குமேல் போயிருக்கும். மழையே இல்லாத மாதத்தில் தட்டில் விழுந்த தூசைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அதைத் தடுக்க அடியில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பறவை எச்சம், இலைச் சருகு, பூச்சி, பாசி எல்லாம் வந்து சேரும். இருபது முப்பது லிட்டரைச் சுண்டவைப்பது ஒரு நாள் வேலை இல்லை.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை பிளாஸ்டிக் கேனில் பிடித்த மழைநீரில் அமிலம் சேர்க்க மறந்துவிட்டேன். மிகச் சிறிய அளவில் இருக்கும் உலோக அயனிகள் பாத்திரச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அமிலமும், கூடவே கதிரியக்கமற்ற சாதாரண சீசியம், ஸ்ட்ரான்சியம் உப்புகளும் துளியளவு சேர்த்தால்தான் அவை நீரிலேயே இருக்கும். நான் அளந்தது நீரை. அளக்க வேண்டியது கேனில் ஒட்டியிருந்தது. ஒரு மாத மாதிரி போயிற்று.

அதைக் கண்டுபிடித்தது எப்படி என்று கேட்டால், பெரிலியம்-7. விண்கதிர்கள் மேல்வளியில் மோதி இயற்கையாகவே உண்டாக்கும் ஐசோடோப்பு இது, அரை ஆயுள் 53 நாள். ஒழுங்காகப் பிடித்த எந்த மழை மாதிரியிலும் இதன் கோடு 478 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் தெரியும். தெரியவில்லையா, உங்கள் செய்முறையில் எங்கோ ஓட்டை. சீசியம் இல்லை என்ற முடிவை நம்பலாமா என்று பெரிலியம் சொல்லிவிடும். இலவசமாகக் கிடைக்கும் தணிக்கையாளர்.

## காற்று வடிதாள்

ஒரு பம்பு காற்றை இழுத்துக் கண்ணாடியிழைத் தாள் வழியாகச் செலுத்தும். தாளில் ஒட்டிய தூசை எண்ணலாம். “சோதனை நடந்ததா, எப்போது?” என்ற கேள்விக்கு, வளிமண்டலச் சோதனையாக இருந்தால், இதுதான் பதில். அதே சோவியத் குண்டின் முதல் தடயத்தைப் பிடித்தது ஜப்பானிலிருந்து அலாஸ்கா நோக்கிப் பறந்த வானிலை விமானத்தின் வடிதாள்தான், 1949 செப்டம்பர் 3 அன்று. வெடித்து ஐந்தே நாள். செப்டம்பர் 23 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் உலகத்துக்கு அறிவித்தார்.

வடிதாள் சொல்லும் செய்தி மற்றவற்றைவிடச் செழுமையானது. தினம் ஒரு தாள் என்பதால் எந்த நாளில் மேகம் கடந்தது என்று தெரியும். அந்த நாளின் காற்றோட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரியும். பேரியம்-140க்கும் அதிலிருந்து பிறக்கும் லாந்தனம்-140க்கும் உள்ள விகிதம் ஒரு கடிகாரம்: வெடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லும். குண்டா அணுஉலையா என்பதையும் பிரிக்கலாம். உலையில் எரிபொருள் நீண்ட காலம் இருப்பதால் சீசியம்-134 சேரும். குண்டு கண நேரத்தில் முடிந்துவிடுவதால் அது அநேகமாக இருக்காது.

ஆனால் இந்தத் தரத்துக்கு என்ன தேவைப்படுகிறது என்று பாருங்கள். விரிவான சோதனைத் தடை ஒப்பந்தத்தின் கண்காணிப்பு வலையமைப்பில் 80 கதிரியக்க நிலையங்களுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றும் மணிக்குக் குறைந்தது 500 கன மீட்டர் காற்றை 24 மணி நேரம் இழுக்க வேண்டும். அதாவது ஒரு தாளுக்கு 12,000 கன மீட்டர். பிறகு ஒரு நாள்வரை ஆறவிட்டு, அடுத்த ஒரு நாள் எண்ண வேண்டும். கன மீட்டருக்கு ஒரு பெக்கரலின் லட்சத்தில் ஒரு பங்கைக்கூடத் தேடும் வேலை இது.

ஆறவிடுவது ஏன்? இங்கும் ரேடான்தான். ரேடானின் இன்னொரு வகையான தோரானிலிருந்து வரும் ஈயம்-212க்கு அரை ஆயுள் 10.6 மணி நேரம். ஒரு நாள் காத்திருந்தால் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும், மூன்று நாள் காத்திருந்தால் நூற்றில் ஒன்றாகும். புதிதாகக் கழற்றிய தாளைக் கைகர் கருவியின் அருகில் கொண்டுபோய் “அய்யோ!” என்று பயந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தூசு அதிகமான எந்தக் கட்டடத்தின் வடிதாளும் அப்படித்தான் துடிக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே நிறைய. பம்பு இரவும் பகலும் ஓடும், மின்கட்டணம் ஏறும், பக்கத்து அறையில் பாடம் நடத்த முடியாத சத்தம் வரும். தாளில் தூசு அடைக்க அடைக்கக் காற்றோட்டம் குறையும். ஓட்டத்தைப் பதிவு செய்யாவிட்டால் எத்தனை கன மீட்டர் இழுத்தோம் என்பது தெரியாது, தாளில் எவ்வளவு இருந்தது என்ற எண்ணால் ஒரு பயனும் இல்லை. வாயு வடிவில் வரும் அயோடின் தாளைத் தாண்டிப் போய்விடும். அதைப் பிடிக்கப் பின்னால் கரித்தூள் பெட்டி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், தாளை மாற்ற ஆண்டுக்கு 365 நாளும் ஆள். வாரம் ஒரு தாள் என்று தளர்த்திக்கொண்டால் இந்தச் சுமை பெரிதும் குறையும். நாள் துல்லியம்தான் போகும்.

## எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு நிறமாலைமானி

தட்டோ பம்போ வாங்குவது சுலபம். பிடித்ததை எதில் எண்ணப் போகிறீர்கள் என்பதுதான் உண்மையான செலவு. மழை, காற்று, பால், மண் நான்குக்கும் இது பொது.

சோடியம் அயோடைடு படிகம் மலிவு, பராமரிப்புக் குறைவு. ஆனால் அது பக்கத்து ஆற்றல்களைக் குழப்பிக்கொள்ளும். அயோடின்-131இன் கோடு 364 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில், இயற்கையான ஈயம்-214இன் கோடு 352இல். இந்தப் படிகத்துக்கு இரண்டும் ஒரே மேடு. உயர்தூய ஜெர்மானியம் உணரி இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும். ஆனால் அதைத் திரவ நைட்ரஜன் அல்லது மின்குளிர்விப்பி கொண்டு எப்போதும் குளிரில் வைத்திருக்க வேண்டும், சுற்றிலும் பத்து சென்டிமீட்டர் ஈயக் கவசம் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: மிக நுண்ணிய அளவீட்டுக்கான கவசங்களுக்கு 1945க்கு முந்தைய எஃகைத் தேடிப்போனார்கள், கடலில் மூழ்கிய பழைய போர்க்கப்பல்களிலிருந்துகூட எடுத்தார்கள். எஃகு காய்ச்சும்போது ஊதிய காற்றிலேயே பொழிவு கலந்துவிட்டிருந்தது.

சொந்தமாக ஜெர்மானியம் வாங்க முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். மாதத்துக்கு ஒரு மாதிரியை எண்ணித்தர ஒத்துக்கொள்ளும் ஆய்வகம் ஒன்று கிடைத்தால் போதும். அந்த ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகு தட்டை வாங்குங்கள்.

## பால்

உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று கேட்கிறவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளின் தைராய்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு, பாலைவிட நல்ல மாதிரி இல்லை. பசு ஒரு நாளில் மேயும் புல்லின் பரப்பை எந்தத் தட்டாலும் ஈடுகட்ட முடியாது. 1976 செப்டம்பர் 26 அன்று சீனா வளிமண்டலத்தில் ஒரு குண்டை வெடித்தது. அக்டோபர் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் மழையோடு அது இறங்க, அங்கே பாலில் அயோடின்-131 தென்பட்டது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பசு மேயாமல் கொட்டிலில் பழைய வைக்கோல் தின்றுகொண்டிருந்தால், வெளியே எவ்வளவு விழுந்தாலும் பால் சுத்தமாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு மாதிரியோடும் அந்த வாரத் தீவனம் என்ன என்ற குறிப்பு அவசியம். பாலை நேரடியாகக் கைகர் கருவியில் காட்டிப் பயனில்லை: இயற்கையான பொட்டாசியம்-40 மட்டுமே லிட்டருக்கு ஏறக்குறைய 50 பெக்கரல் இருக்கும். ஸ்ட்ரான்சியம்-90 காமா வெளியிடாது, வேதிமுறையில் பிரித்து, அதிலிருந்து இட்ரியம்-90 வளரும்வரை இரண்டு மூன்று வாரம் காத்திருந்து எண்ண வேண்டும். பழகிய வேதியியலாளர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

## பால்பற்கள்

மாதிரி பிடிக்கக் கருவியே இல்லாமல் ஓர் ஊர் திரண்டு செய்த வேலை என்பதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1958 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் லூயிஸ் ரைஸ், உயிரியலாளர் பேரி காமனர் போன்றோர் சேர்ந்து, விழுந்த பால்பற்களை அனுப்பச் சொல்லித் தாய்மாரைக் கேட்டார்கள். 1970 வரை ஏறக்குறைய 3,20,000 பற்கள் வந்தன. பல் கொடுத்த குழந்தைக்கு ஒரு பொத்தான் பதக்கம்! ஸ்ட்ரான்சியம் கால்சியத்தைப் போல நடந்துகொண்டு பல்லில் போய்த் தங்கும், அதனால் பல் ஒரு பதிவேடு.

ஆனால் 1950களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளைப் பற்றிய முதல் முடிவு வெளியானது 1961 நவம்பரில். பல் விழ ஆறேழு ஆண்டு ஆகும், அதற்கு முன் மாதிரியே கிடையாது. உடம்பு வாங்கியதற்கு மறுக்க முடியாத ஆதாரம், எச்சரிக்கையாக உதவாது. இன்றைக்குச் செய்வதானால் தாய் எங்கே வாழ்ந்தார், குழந்தை என்ன பால் குடித்தது என்ற விவரங்களைச் சேகரித்துப் பாதுகாப்பதே பாதி வேலை.

## மண்

ஏற்கனவே விழுந்தது எவ்வளவு என்பது மட்டும் போதும் என்றால் மண்ணைத் தோண்டுங்கள். சீசியம் களிமண்ணில் இறுகப் பிடித்துக்கொள்ளும், கலைக்காத நிலத்தில் பெரும்பகுதி மேல் 10, 20 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அமைதியான ஏரிப் படிவில் 1963இன் உச்சம் ஒரு கோடு மாதிரி தெரியும். ஒருமுறை எடுத்தால் போதும், தினசரிச் சுமை இல்லை. உழாத, அரிக்காத, மண் கொட்டாத இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். புதிதாக ஏதாவது விழுந்தால் பழைய சீசியத்தின் மேல் அது தெரியாது. மாணவர் ஆய்வுத்திட்டத்துக்கு அருமையானது. கண்காணிப்பு என்று சொல்ல முடியாது.

## செனான்

நிலத்தடிச் சோதனைக்குத் துகள் கருவிகள் எல்லாம் குருடு. செனான்-133 (அரை ஆயுள் 5.2 நாள்) மட்டும் பாறை விரிசல் வழியாகக் கசியலாம். வட கொரியாவின் 2006 அக்டோபர் 9 சோதனையின் செனானை, 7,000 கிலோமீட்டருக்கும் அப்பால் கனடாவின் யெல்லோநைஃப் நிலையம் பிடித்தது. 2009 சோதனையில் ஒன்றுமே கிடைக்கவில்லை. 2013 பிப்ரவரி 12 சோதனையின் செனான் ஏறக்குறைய 55 நாள் கழித்து ஜப்பானின் டகசாகியில் தென்பட்டது. உலகிலேயே சிறந்த கருவிகளுக்கே இந்த நிலை. போதாக்குறைக்கு, மருத்துவ ஐசோடோப்பு தயாரிக்கும் ஆலைகளும் அதே செனானை வெளியிடுகின்றன. இது அரசுகளின் வேலை. கல்லூரிக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தக் கேள்விக்கு | பதில் வரும் வேகம் | எந்த ஐசோடோப்பு என்று தெரியுமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| கைகர் கருவி | அருகில் கனமாக ஏதாவது விழுந்ததா | நிமிடங்கள் | தெரியாது | மழைக்கு மழை பீதி |
| மழைநீர், தட்டு | எவ்வளவு விழுந்தது | வாரங்கள் | தெரியும் | சுண்டவைக்கும் உழைப்பு, எண்ண ஆய்வகம் |
| காற்று வடிதாள் | வளிமண்டலச் சோதனையா, எப்போது | மூன்று நான்கு நாள் | மிக நன்றாக | மின்சாரம், சத்தம், தினசரி ஆள் |
| பால் | குழந்தைகளுக்கு எவ்வளவு போகிறது | சில நாள் | தெரியும், ஸ்ட்ரான்சியத்துக்கு வேதியியல் தேவை | தீவன விவரம், தொடர்ச்சியான மாதிரி |
| பால்பற்கள் | உடம்பில் எவ்வளவு தங்கியது | ஆண்டுகள் | ஸ்ட்ரான்சியம் மட்டும் | விவரச் சேகரிப்பு |
| மண் | இதுவரை மொத்தம் எவ்வளவு | ஒருமுறை | தெரியும் | கலையாத இடம் |
| செனான் | நிலத்தடிச் சோதனையா | நாள்கள் முதல் வாரங்கள் | தெரியும், மூலம் குழப்பம் | அரசு அளவிலான முதலீடு |

## யாருக்கு எது

இரவும் பகலும் ஊழியர் இருக்கும் வானிலை நிலையமோ பெரிய ஆய்வகமோ என்றால் காற்று வடிதாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களால் அதைக் காப்பாற்ற முடியும், வேறு யாராலும் எளிதில் முடியாது. பால்பண்ணைக் கூட்டுறவோடு தொடர்பு இருக்கிறவர்கள் பாலை எடுங்கள், ஆனால் செய்தி வந்த பிறகு ஓடாமல் இப்போதிருந்தே மாதம் ஒரு மாதிரி. பள்ளி அறிவியல் மன்றத்துக்குக் கைகர் கருவியும் மழைமானியும் போதும்: ரேடான் மழையை அளந்து, அது இறங்கும் வளைவை வரைந்தாலே பிள்ளைகள் அரை ஆயுளைக் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

கடிதம் எழுதிய ஆசிரியருக்கு: உங்கள் வேதியியல் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். அரை சதுர மீட்டர் தட்டு, மாதம் ஒரு மாதிரி. கைகர் கருவி ஏற்கனவே துறையில் ஒன்று கிடக்கும், அதைப் பக்கத்தில் மணியாக வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்து, மழை நின்று மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் அடங்காவிட்டால் மாதக் கடைசிக்குக் காத்திருக்காமல் தட்டை அன்றே எடுத்துவிடுங்கள். அயோடினைத் தவறவிடும் குறை இதனால் பாதி சரியாகும்.

முதல் ஆண்டு முழுக்க உங்களுக்குக் கிடைக்கப் போவது பெரிலியமும், மண்ணிலிருந்து கிளம்பும் பழைய சீசியத்தின் மிகச் சிறிய தடயமும்தான். பெரும்பாலான இடங்களில் அது மாதத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒரு பெக்கரலில் சிறு பின்னமே இருக்கும், சில மாதம் கண்ணிலேயே படாது. நிர்வாகத்திடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு “ஒன்றும் வரவில்லையே” என்று நிறுத்தச் சொல்வார்கள். அப்புறம், முதல் மாதமே தட்டோடு கூடவே ஒரு கேனில் காய்ச்சி வடித்த நீரையும் மூடி வைத்து, அதற்கும் அதே அமிலம், அதே சுண்டவைத்தல், அதே எண்ணிக்கை என்று எல்லாவற்றையும் செய்யுங்கள். அதில் சீசியம் தெரிந்தால், அது வானத்திலிருந்து வரவில்லை, உங்கள் பாத்திரத்திலிருந்து வருகிறது.